வாட்சர் வேறு, வீடு பார்ப்பவர் வேறு

வெளிநாட்டில் இருக்கும் அக்கா ஒருவர், திருகோணமலை உப்புவெளியில் உள்ள தன் வீட்டைப் பார்க்கும் ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். இன்னார் இன்ன வேலைக்காக இந்த வீட்டில் தங்கியிருக்கிறார் என்று ஒரு பக்கம், அவ்வளவுதான். நான் 'காவலாளி' என்று எழுதினேன். ஐயா வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். “தம்பி, நான் வாட்சர் இல்லை. வாட்சர் ராவில வந்து விடியப் போயிடுவான். நான் வீடு பார்க்கிறன்.”

அவர் சொன்னது சரி. உப்புக் காற்றில் யன்னல் பிணைச்சல்கள் கறள் பிடிக்காமல் எண்ணெய் விடுவதும், வாடைக்காற்று தொடங்குமுன் கூரையில் ஏறி ஓடு பார்ப்பதும், கிணறு இறைப்பதும், வளவு கூட்டுவதும், சோலைவரி கட்டுவதும் அவர்தான். இதில் எது காவல்?

காவல் என்பது 'கா' என்ற வினையடியிலிருந்து வந்தது. நாட்டைக் காக்கும் அரசனும் காவலன்தான். கையில் அணியும் காப்பும், நூலின் தொடக்கத்தில் பாடும் காப்புச் செய்யுளும் அதே அடியில் பிறந்தவை. இவை எல்லாவற்றிலும் வெளியே ஏதோ ஓர் ஆபத்து நிற்கிறது. அதைத் தடுப்பதுதான் வேலை. வாட்சரும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் பழைய பொருள் விழித்திருப்பது. ஜானிடர் என்ற சொல் கதவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. நம் வாயிலோனைப் போல முதலில் வாசலில் நின்றவர், பிறகு கட்டடம் துப்புரவாக்குபவராக மாறிவிட்டார். கேர்டேக்கர் மட்டும் வேறு. அதில் அக்கறை இருக்கிறது. பத்திரிகைகளில் கேர்டேக்கர் அரசைக் 'காபந்து அரசு' என்று எழுதுவார்கள். அதை வீட்டுக்குப் பொருத்த முடியாது.

தமிழில் அந்த அக்கறையைச் சொல்லும் சொல் கண்ணிலிருந்து வருகிறது என்பது என் எண்ணம். பிள்ளை பார்க்கிறோம், வயல் பார்க்கிறோம், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கிறோம். எதிலும் வெறுமனே கண்ணால் காண்பதோடு நிற்பதில்லை. 'கண்காணி' என்பதும் அதே வழியில் வந்தது: கண், காண். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்வை செய்தவர் கண்காணி. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் சபையை மேற்பார்ப்பவரும் கண்காணிதான். பேச்சில் அது கங்காணியாகி, மலையகத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொண்டுவந்து வேலை வாங்கியவரின் பெயராகி, ஆங்கிலத்துக்கும் போய்விட்டது. அந்த நினைவு ஒட்டிக்கொண்ட பிறகு ஒரு முதியவரைப் பார்த்து வீட்டுக் கங்காணி என்று எப்படி அழைப்பது?

மட்டக்களப்புப் பக்கக் கோயில்களில் வண்ணக்கர் என்ற பதவி உண்டு. கோயிலின் நிருவாகப் பொறுப்பு அவருடையது. பழந்தமிழில் வண்ணக்கன் என்றால் நாணயத்தின் தரத்தைப் பார்த்துச் சொல்பவன். சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. காசைப் பார்த்தவரின் பெயர் கோயிலைப் பார்ப்பவருக்குச் சேர்ந்திருக்கிறது.

திருகோணமலைக்காரருக்கு இதைவிட நெருக்கமான சொல் தானத்தார். குளக்கோட்டன் என்ற மன்னன் கோணேசர் கோயிலுக்கு ஆட்களைக் குடியமர்த்தி, இன்னாருக்கு இன்ன பணி என்று வகுத்த கதையைக் கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூல் சொல்கிறது. தானத்தாரும் வரிப்பத்தாரும் அதில் வருகிறார்கள். தானத்தார் என்றால் தானம் வாங்கியவர் என்று சிலர் பொருள் கொள்வதுண்டு. ஆனால் தமிழ்நாட்டுக் கோயிற் கல்வெட்டுகளில் கோயிலை நிருவகித்தவர் 'ஸ்தானத்தார்'. அந்த ஸ்தானம் தேய்ந்து தானமானது. ஸ்தானம் என்றால் இடம். ஆக, தானத்தார் இடத்துக்கு உரியவர். அப்புறம் அவர்கள் செய்த பணிக்குப் பெயர் தொழும்பு. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்த மேட்டில் கோட்டை கட்டினார்கள். கட்டடம் போன பிறகும் தொழும்பு என்ற சொல் தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயிலோடு வாழ்ந்தது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இப்போது கோயில்களில் தர்மகர்த்தா, அறங்காவலர், பரிபாலன சபை. பள்ளிவாசல்களில் நம்பிக்கையாளர் சபை. சட்டத்தில் டிரஸ்டி நம்பிக்கைப் பொறுப்பாளர். வெளிநாட்டில் இருப்பவருக்காகக் காணி உறுதியில் கையெழுத்து வைப்பவர் அற்றோணித் தத்துவக்காரர். இவர்களுக்கு உரிமையும் அதிகாரமும் உண்டு. ஓடு மாற்றுபவர் இவர்களில் ஒருவரும் இல்லை.

சொல்லை இவ்வளவு பார்ப்பதற்கு வேறு காரணமும் உண்டு. இலங்கையின் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டப்படி, சொந்தக்காரரின் உரிமைக்கு எதிராக, இடையறாது 10 வருடம் காணியை ஆண்டுவந்தவர் அதற்கு உரிமை கோரலாம். சொந்தக்காரரின் அனுமதியோடு தங்கியிருப்பவரின் நிலை அதுவல்ல. போரால் தம் காணிக்குப் போக முடியாதவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட 2016இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். அதனால் வீட்டில் இருப்பவர் வாடகைக்காரரா, வீட்டைப் பார்ப்பவரா என்பதைக் கடிதம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அது இரண்டு பேருக்குமே பாதுகாப்பு.

சரி, என்ன எழுதுவது? 'பராமரிப்பாளர்' எல்லோருக்கும் விளங்கும், அலுவலகங்களிலும் செல்லும். அதன் வேர் வடமொழி. தனித்தமிழ் வேண்டும் என்பவர் 'பேணுநர்' என்று எழுதலாம். ஓட்டுநர், இயக்குநர் போல முறையாக அமைந்த சொல். பேணு என்பதில் பாதுகாப்போடு மதிப்பும் அன்பும் சேர்ந்திருப்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். காவலாளி என்பதை, உண்மையிலேயே இரவுக் காவல் நிற்பவருக்கு விட்டுவிடலாம்.

இரண்டாம் முறை எழுதிய கடிதத்தில் 'வீட்டையும் வளவையும் பேணிப் பார்க்கும் பராமரிப்பாளர்' என்று போட்டேன். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

“கிணற்றையும் சேருங்கோ தம்பி.”

சேர்த்தேன். கையெழுத்து வைத்தார்.