சர்க்கரை போடாமல் இனிப்பேறும் ஃபின்லாந்து மெம்மி

ஈஸ்டர் நெருங்கும்போது ஃபின்லாந்துக் கடைகளில் கரிய கூழ் நிறைந்த அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். அதுதான் மெம்மி. ரை (கோதுமையைப் போன்ற ஒரு தானியம்) மாவு, முளைகட்டிய ரைப் பொடி (மால்ட்), தண்ணீர், உப்பு, கசப்பு ஆரஞ்சுத் தோல் பொடி. பழைய முறையில் இவ்வளவுதான். பெரிய வெள்ளியன்று அடுப்பு மூட்டாமல் ஆறியபடியே சாப்பிடும் பண்டம் இது. இனிப்பு கூழுக்குள்ளேயே உருவாகிறது.

தானியம் முளைக்கும்போது அமைலேஸ் என்ற நொதி ஊறுகிறது. ஆல்ஃபா அமைலேஸ் மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியைக் கண்டபடி நறுக்கும்; பீட்டா அமைலேஸ் ஓரத்திலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கழற்றி மால்டோஸ் என்னும் சர்க்கரையைத் தரும். முளைகட்டிய கேழ்வரகு மாவுக் கஞ்சி கெட்டிப்படாமல் நீர்த்து நிற்பதும் இதே நொதியால்தான். மாவுச்சத்து வெந்து இளக 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு வேண்டும். 70-ஐத் தொட்டால் பீட்டா அமைலேஸ் வேகமாகச் சிதைந்துவிடும். ஆகவே 60 முதல் 65 டிகிரிதான் மெம்மியின் உயிர்நாடி. தெர்மாமீட்டர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

வெளிநாட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது மால்ட் வாங்கும்போதே. மெம்மி கருப்பாயிற்றே என்று கருக வறுத்த மால்ட்டை வாங்கினால், வறுத்த சூட்டிலேயே நொதி செத்திருக்கும். நிறம் வரும், இனிப்பு வராது. வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்கான கடைகளில் கிடைக்கும் வெளிர்நிற ரை மால்ட்டை வாங்கி மிக்ஸியில் பொடிக்கலாம். அது கிடைக்காவிட்டால் வெளிர்நிற பார்லி மால்ட்டும் உதவும்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் ரை மாவு, 80 கிராம் மால்ட் பொடி. முதலில் 400 மில்லி தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி இறக்கி, 80 கிராம் மாவையும் 30 கிராம் மால்ட்டையும் கட்டியில்லாமல் கலக்கவும். மாவும் பாத்திரமும் சூட்டை உறிஞ்ச, 65-க்குள் வந்து நிற்கும். மேலே ஒரு கைப்பிடி மாவைத் தூவி மூடுவார்கள். அந்தப் படலம் சூட்டைக் காக்கும். துணி சுற்றி ஒரு மணி நேரம் வைக்கவும். ரைஸ் குக்கரின் வார்ம் நிலையை நம்புபவர்கள், முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று அளந்துகொள்வது நல்லது. பிறகு மீதி 600 மில்லியை 75 டிகிரியில் மெல்ல ஊற்றி, மிச்ச மாவையும் மால்ட்டையும் கலந்து, இன்னும் ஒன்றரை மணி நேரம்.

இந்த நேரத்தில் நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். கரண்டியில் அப்பிய மாவு மெல்ல இளகிப் பளபளத்து ஒழுகத் தொடங்கும். ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் எடுத்து டிங்சர் அயோடின் விட்டால், தொடக்கத்தில் கருநீலம் காட்டும். போகப்போக நீலம் வெளிறிச் செம்பழுப்பாகும். மாவுச்சத்து குறைந்ததற்கு அதுவே சாட்சி. (சோதித்த சொட்டைக் கொட்டிவிட வேண்டும்.)

இளகவே இல்லையென்றால் நொதி செத்திருக்கிறது. 63-க்கு ஆறவிட்டு, புதிதாக இரண்டு ஸ்பூன் மால்ட் சேர்த்துக் காத்திருந்தால் பெரும்பாலும் தேறிவிடும். புளித்த வாடை வந்தால் சூடு வெகுவாக இறங்கி, வெதுவெதுப்பில் பாக்டீரியா பெருகியிருக்கிறது.

பின்பு அரை ஸ்பூன் உப்பு, இரண்டு ஸ்பூன் தோல் பொடி சேர்த்து, அடிப்பிடிக்காமல் கிளறியபடி 10 நிமிடம் கொதிக்கவிடவும். இதைத் தவிர்த்தால் ஓவனிலும் நொதி வேலையைத் தொடர்ந்து, கூழ் நீர்த்துப்போகும். அடித்து ஆற்றி, பொங்குமென்பதால் பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஊற்றி, ஓவனில் 150 டிகிரியில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வேகவைக்கவும். சர்க்கரையும் புரதமும் சூட்டில் வினைபுரிந்து கருநிறமும் ரொட்டி மேலோட்டின் மணமும் வருவது இப்போதுதான். மாவுச்சத்து கரைந்த பின்னும் கூழ் கெட்டியாக நிற்பதற்கு, தண்ணீரை ஏராளமாகப் பிடித்துவைக்கும் ரையின் நார்ச்சத்தும் ஒரு காரணம்.

மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, குளிரக் குளிர க்ரீம் ஊற்றிச் சாப்பிடுங்கள்.