நாய் சொறிந்தால், மருந்துக்கு முன் இடத்தைப் பாருங்கள்

"தோலு வறண்டு போச்சுங்க, தேங்காயெண்ணெய் தடவுனாச் செரியாயிருங்களா?" என்றுதான் பலரும் நாயைக் கூட்டி வருகிறார்கள். செதில் உதிர்வதும் முடி கொட்டுவதும் நோயல்ல, விளைவு. எங்கே சொறிகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

வாலடி, இடுப்பு, பின்தொடை என்றால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. காது மடல் ஓரம், முழங்கை, வயிறு என்று ராப்பகலாகச் சொறிந்து, வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் தடிப்பு வந்தால் தொற்றுச் சொறி. கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் முடி போய், அரிப்பு அவ்வளவாக இல்லாத குட்டி என்றால் டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சி; இது மனிதருக்கு ஒட்டாது. பாதமும் காதும் பிசுபிசுத்து வாடையடித்தால் ஈஸ்ட் என்ற பூஞ்சை. அதற்கு அடியில் பெரும்பாலும் ஒவ்வாமை இருக்கும்.

தெள்ளு கண்ணில் படாவிட்டாலும் சோதிக்கலாம். வாலடியில் நெருக்கமான சீப்பால் வாரி, விழும் கருந்துகள்களை ஈரப் பஞ்சில் போடுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது நாயின் ரத்தம். ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஓரிரு கடியே போதும்.

மருந்து போட்டும் மறுபடி வருகிறதே என்பார்கள். தெள்ளின் முட்டைகள் நாயின் மேல் தங்குவதில்லை, படுக்குமிடத்தில் உதிர்கின்றன. தோட்டத்துச் சாளை வீட்டுத் திண்ணை, கட்டுத்தரை ஓரம், பழைய சாக்கு எல்லாமே அதற்குத் தோதான இடங்கள். முட்டையிலிருந்து வரும் புழு கூடு கட்டி, அதற்குள் மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். அதனால் வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைக்கும் சேர்த்துக் குறைந்தது 3 மாதம் மருந்து தொடர வேண்டும். சாக்கைச் சுடுதண்ணீரில் அலச வேண்டும். நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்கு விட்டால் பூனை செத்தே போகலாம்.

தோட்டங்களில் நடக்கும் பெரிய தப்பு, மாட்டு மருந்தை நாய்க்குப் போடுவது. மாட்டுக்கான 1% ஐவர்மெக்டின் ஊசியில் ஒரு மில்லி என்பது 50 கிலோ உடல் எடைக்கான அளவு. பத்துக் கிலோ நாய்க்கு சிரிஞ்சில் ஒரு கோடு தவறினாலே அளவு எகிறிவிடும். கோலி இன நாய்களுக்கு மிகக் குறைந்த அளவே நரம்பைத் தாக்கும். உண்ணி மருந்தான அமிட்ராஸைக் கண்ணளவில் கலந்து ஊற்றினால் நாய் மயங்கிச் சுருண்டுகொள்ளும், நாடித்துடிப்பு குறையும். கழிவு ஆயிலும் மண்ணெண்ணெயும் தோலைப் பொசுக்கும். நக்கினால் உள்ளேயும் போகும்.

குளிப்பாட்டுவதிலும் கோளாறு உண்டு. நம் சோப்பு நாய்த்தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடுகிறது. உப்பேறிய போர் தண்ணீரில் அந்தச் சோப்பு திரிந்து முடியடியில் படிந்துவிடும். அப்புறம் அதுவே அரிக்கும். நாய் ஷாம்பூவை ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி, தோல்வரை தேய்த்து, மருந்து ஷாம்பூவானால் கடிகாரம் பார்த்து 10 நிமிடம் விடுங்கள். உடனே அலசினால் காசுதான் வீண். அலசிய தண்ணீரில் வழுவழுப்பு போகும்வரை அலசுங்கள். நலமான நாய்க்கு மாதம் ஒன்றிரண்டு குளியல் போதும். சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் 2 நாள் குளியல் வேண்டாம்.

பால்சோறும் ராகிக்களியும் மட்டுமே தின்னும் நாய்க்கு முடி மங்கிப் போவதில் அதிசயமில்லை. தோலுக்கு வேண்டிய லினோலிக் அமிலம் என்ற கொழுப்புச் சத்து தேங்காயெண்ணெயில் மிகக் குறைவு, நல்லெண்ணெயில் நிறைய. செக்கு எண்ணெய்க்கு நம் பக்கம் பஞ்சமா? பத்துக் கிலோ நாய்க்குச் சோற்றில் கால் ஸ்பூனில் தொடங்கி ஒரு டீஸ்பூன் வரை. பேதியானால் நிறுத்துங்கள், கணைய அழற்சி வந்த நாய்க்கு வேண்டவே வேண்டாம். முட்டையை வேகவைத்துக் கொடுங்கள். பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும்.

சீழ், ரத்தக்கசிவு, சோர்வு இருந்தால் காத்திருக்க வேண்டாம். தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்க அரசு கால்நடை மருத்துவமனையிலோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ காட்டலாம். தொற்றுச் சொறியில் பூச்சி முதல் சுரண்டலில் சிக்காமலும் போகும். ஒருமுறை 'இல்லை' என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். வருவதற்கு முந்தின 2 நாள் எண்ணெய், மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். ஏற்கெனவே பூசியிருந்தால் கழிவு ஆயிலே ஆனாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.