கீமோவுக்குக் கை போதுமா, போர்ட் வேண்டுமா?

"நரம்பு கிடைக்காம குத்திக்கிட்டே இருப்பாங்களாமே, பேசாம போர்ட் வெச்சுடுங்க சிஸ்டர்." விரைப் புற்றுநோய்க்குக் கீமோ தொடங்க வரும் இளைஞர்கள் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். நரம்பு என்று அவர்கள் சொல்வது சிரையை. வார்டில் நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம்!

போர்ட் என்பது மார்புத் தோலுக்கடியில் பதிக்கும் சிறு பெட்டி; அதிலிருந்து போகும் குழாயின் நுனி இதயத்தருகே பெரிய சிரையில் நிற்கும். நல்ல சாதனம்தான். ஆனால் இந்த நோயில் நான் உடனே தலையாட்டுவதில்லை. காரணம், ரத்தக்கட்டு. புற்றுநோயே ரத்தத்தை உறையத் தூண்டும். இதற்குத் தரும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து அதைக் கூட்டும். வயிற்றின் பின்பகுதியில் நெறிக்கட்டிகள் பெரிதாக இருந்தால் அவை பெரிய சிரையை அழுத்தும். இத்தனைக்கும் மேல் இதயத்துக்கு அருகே ஒரு குழாயும் கிடந்தால்? மற்றவற்றை நம்மால் மாற்ற முடியாது, குழாயைத் தவிர்க்க முடியும். ஐரோப்பிய சிறுநீரியல் (யூராலஜி) சங்கத்தின் வழிகாட்டுதலும் முடிந்தவரை அதைத் தவிர்க்கவே சொல்கிறது. கைச் சிரை வழியே விடும் நீண்ட குழாயான பிக் லைனும் இதில் சேர்த்திதான். அதன் நுனியும் இதயத்தருகே போய்த்தான் நிற்கிறது.

மூன்று மருந்துகள் சேர்ந்த வழக்கமான பிஇபி கீமோ சிகிச்சையில் 21 நாளுக்கு ஒரு சுற்று, மொத்தம் 3 அல்லது 4 சுற்று. சிஸ்பிளாட்டினும் எட்டோபோசைடும் முதல் 5 நாள், ப்ளியோமைசின் வாரம் ஒருமுறை. நோயாளிகள் பெரும்பாலும் இளவயதினர், சிரைகளும் நன்றாகவே இருக்கும். முன்கையில் கேனுலா (மருந்து ஏற்றும் குட்டி ஊசிக்குழாய்) போட்டு, சுற்றுக்குச் சுற்று கையை மாற்றினால் பலருக்குச் சமாளித்துவிடலாம். முழங்கை மடிப்பையும் மணிக்கட்டையும் நான் தொடமாட்டேன். குத்துவதற்கு முன் கையைச் சூடாக்கினால் பாதி வேலை முடிந்தது. சில வாரத்தில் சிரை கயிறு போலத் தடித்துக் கறுக்கலாம், அது வேறு கதை.

சரி, யாருக்குத்தான் போர்ட்? சிரையே தென்படாதவருக்கு, நோய் திரும்பி அதிக வீரிய கீமோ எடுப்பவருக்கு, வின்பிளாஸ்டின் போல வெளியே கசிந்தால் தசையைப் புண்ணாக்கும் மருந்து தேவைப்படுபவருக்கு. அப்போதும் ரத்தக்கட்டைத் தடுக்கும் ஊசி வேண்டுமா, குழாயை எப்போது எடுப்பீர்கள் என்று மருத்துவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

மருந்து ஏறும்போது எரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள், உடனே கூப்பிடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு கையோ கழுத்தோ வீங்கினாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும் அடுத்த சுற்று வரை பொறுக்க வேண்டாம், அந்த நேரமே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.