விண்டோஸ் 98இல் டிரைவர் கோப்பின் விலாசம்

'விண்டோஸ் 98 சிடியைப் போட்டுவிட்டு ஓகே அழுத்தவும்' என்று கேட்காத கம்ப்யூட்டர் அந்தக் காலத்தில் கிடையாது. நெட்வொர்க் கார்டு பொருத்தினாலும் கேட்கும், பிரிண்டரை மாற்றினாலும் கேட்கும். சிடி கைவசம் இல்லாத நாளில் பலரும் ஒரு குறுக்கு வழியில் இறங்கியிருப்போம். நண்பரின் கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கருவியை இயக்கும் டிரைவர் கோப்பை மட்டும் ஃபிளாப்பியில் எடுத்துவந்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம் ஃபோல்டரில் போட்டு, ரீஸ்டார்ட் செய்வோம். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அபூர்வமாக எப்போதாவது வேலை செய்துவிடும், அதுவும் ஏன் என்று புரியாமலே.

வீட்டைக் கட்டிக் குடியேறிவிட்டால் மட்டும் நிலம் நம்முடையது ஆகிவிடாது. பட்டாவில் பெயர் இருக்க வேண்டும். விண்டோஸ் 98இல் பெரும்பாலான டிரைவர்களின் கதையும் அதுதான். கோப்பு டிஸ்கில் இருப்பது குடியிருப்பு, விண்டோஸ் தன் விவரங்களை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் பெயர் இருப்பது பட்டா. ஆனால் அதே விண்டோஸில் இரண்டு ஃபோல்டர்களுக்கு மட்டும் வேறு சட்டம். அங்கே போய் உட்கார்ந்தாலே பல டிரைவர்களுக்குப் போதும், பட்டாவை யாரும் கேட்பதில்லை. ஒரே இயங்குதளத்துக்குள் ஏன் இரண்டு சட்டம் என்று பார்க்க, 1983 வரை பின்னால் போக வேண்டும்.

டிரைவர் என்றால் பஸ் டிரைவர்தான் ஞாபகம் வரும், வந்தால் தப்பில்லை. ஒவ்வொரு சவுண்ட் கார்டும் தனக்கென்று வைத்திருக்கும் எண்களும் சமிக்ஞைகளும் இயங்குதளத்துக்குத் தெரியாது. 'இந்த ஒலியை எழுப்பு' என்று மட்டும் அது சொல்லும். அந்தக் குறிப்பிட்ட சிப்பை ஓட்டத் தெரிந்தது டிரைவர் என்ற சின்ன நிரல்.

விண்டோஸுக்கு முன்பிருந்த மைக்ரோசாஃப்ட் இயங்குதளமான எம்.எஸ். டாஸின் முதல் பதிப்பில் இந்த நிரல்கள் இயங்குதளத்தோடு சேர்த்தே வந்தன. புதுக் கருவிக்கான டிரைவரை வெளியிலிருந்து சேர்க்கும் வசதி 1983இல் வந்த 2.0 பதிப்பில்தான் கிடைத்தது. ஹார்டு டிஸ்கின் மேல்மட்டத்தில் கான்ஃபிக்.சிஸ் என்ற சாதாரண எழுத்துக் கோப்பு இருக்கும். அதில் 'டிவைஸ்' என்று எழுதி, சமக்குறி போட்டு, டிரைவர் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று முழு விலாசத்தையும் எழுத வேண்டும். முழு விலாசம் கொடுத்துவிடுவதால் கோப்பு எங்கே இருந்தாலும் டாஸுக்குக் கவலையில்லை.

நினைவகத்தில் ஏறும்போது ஒவ்வொரு டிரைவரின் தலைப்பிலும் 'எனக்கு அடுத்தவர் எங்கே இருக்கிறார்' என்ற குறிப்பு எழுதப்படும். இப்படிக் கைகோத்து ஒரு சங்கிலி உருவாகும். புதிதாக வருபவர் சங்கிலியின் முன்பக்கம் சேர்வார். ஒரு கருவியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் டாஸ் முன்னாலிருந்துதான் தேடும். அதனால் பழைய டிரைவரை அழிக்கத் தேவையே இல்லை, அதே பெயரில் புதியவர் முன்னால் நின்றால் போதும். கீபோர்டும் திரையும் சேர்ந்த 'கான்' என்ற கருவியின் வேலையை ஆன்சி.சிஸ் பறித்துக்கொண்டது இப்படித்தான். சங்கிலியில் இருக்கும் பெயர்கள் எந்த ஃபோல்டருக்கும் சொந்தமல்ல, எல்லா ஃபோல்டரிலும் இருப்பதாகவே கணக்கு. இன்றைய விண்டோஸில் ஒரு புது ஃபோல்டருக்கு 'கான்' என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்துப் பெயர் வைத்துப் பாருங்கள், மறுத்துவிடும். ஃபோல்டர் என்ற ஏற்பாடே இல்லாத காலத்தின் சொத்து அந்தப் பெயர்.

விண்டோஸ் 3 தன் பங்குக்கு இன்னொரு பட்டியல் தொடங்கியது. ஒரே நேரத்தில் பல டாஸ் நிரல்கள் ஓடும்போது ஒரு கீபோர்டையும் ஒரு திரையையும் எல்லோருக்கும் பங்குபோட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. இதைச் செய்த டிரைவர்கள் 386 என்ற பின்னொட்டோடு சிஸ்டம் ஃபோல்டரில் இருந்தன. அவற்றின் பெயர்கள் சிஸ்டம்.ஐஎன்ஐ என்ற கோப்பில் இருந்தன. சில பெயர்களுக்கு முன்னால் மட்டும் ஒரு நட்சத்திரக்குறி. 'இவரை வெளியே தேடாதே, உள்ளேயே கட்டிவைத்திருக்கிறோம்' என்பது அதன் பொருள். இந்த நட்சத்திரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95 இந்த டிரைவர்களின் பின்னொட்டை விஎக்ஸ்டி என்று மாற்றியது. கூடவே ஒரு விசித்திர ஏற்பாட்டையும் செய்தது. டஜன் கணக்கான சிறு கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தால் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே நேரமாகும். அதனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய அடிப்படை டிரைவர்களை மட்டும் பொறுக்கி, விண்டோஸை நிறுவும்போதே ஒரே பொட்டலமாகக் கட்டியது. சிஸ்டம் ஃபோல்டரில் இருக்கும் விஎம்எம்32.விஎக்ஸ்டி அந்தப் பொட்டலம்தான். அது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து அதை எடுத்துவந்து போட்டவர்கள் பட்ட பாடு அதனால்தான்.

கட்டிய பொட்டலத்துக்குள் ஒரு டிரைவரில் பிழை என்றால் எப்படித் திருத்துவது? பொட்டலத்தைப் பிரிக்காமலே திருத்த ஒரு வழி வைத்தார்கள். சிஸ்டம் ஃபோல்டருக்குள் விஎம்எம்32 என்ற பெயரிலேயே ஒரு காலி ஃபோல்டர். அதில் போட்ட டிரைவர், பொட்டலத்துக்குள் அதே பெயரில் இருப்பதை ஓரங்கட்டிவிட்டுத் தான் ஏறும். பட்டா கேட்காத முதல் ஃபோல்டர் இது. டாஸ் சங்கிலியில் முன்னால் போய் நிற்கும் அதே தந்திரம், இம்முறை ஃபோல்டர் வடிவில்.

இரண்டாவது ஃபோல்டர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அதுவும் சிஸ்டத்துக்குள் இருக்கிறது, பெயர் ஐஓசப்சிஸ். ஹார்டு டிஸ்க், சிடி, ஃபிளாப்பி சம்பந்தப்பட்ட டிரைவர்களின் குடியிருப்பு அது. விண்டோஸ் ஏறும்போது ஐஓஎஸ் என்ற மேற்பார்வையாளர் தன் ஆட்களை அங்கேதான் தேடுவார். பிடிஆர், எம்பிடி, விஎக்ஸ்டி என்று பின்னொட்டு எதுவானாலும் சரி, கோப்பு அந்த ஃபோல்டரில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவற்றில் பெரும்பாலானோர் எந்த இயந்திரத்திலும் வழக்கமாகவே உண்டு. சாதாரண ஐடிஇ ஹார்டு டிஸ்கை ஓட்டும் இஎஸ்டிஐ_506.பிடிஆர், ஃபிளாப்பியை ஓட்டும் எச்எஸ்ஃப்ளாப்.பிடிஆர், சிடியைப் படிக்கும் சிடிஎஃப்எஸ்.விஎக்ஸ்டி எல்லாம் அங்கே இருக்கும்.

டிஸ்க் டிரைவர்களுக்கு மட்டும் ஏன் தனி ஃபோல்டர்? 'பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்' என்ற சிக்கல் அங்கே இருக்கிறது. டிரைவரைப் படிக்க டிஸ்க் ஓட வேண்டும், டிஸ்க் ஓட டிரைவர் வேண்டும், அந்த டிரைவரோ டிஸ்கிலேயே இருக்கிறது. முடிச்சை அவிழ்ப்பது மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற நிரல். தொடக்கத்தில் டிஸ்கை மெதுவாகப் படித்துக் கொடுத்து எல்லோரையும் ஏற்றிவிடுவது அதுதான். பிறகு ஒரு கட்டத்தில், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஸ்டியரிங்கை ஐஓசப்சிஸ் ஆட்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க வேண்டியவர் அங்கே இல்லையென்றால் பழைய டிரைவரே ஓட்டுவார். கம்ப்யூட்டர் நிற்காது, ஆமை வேகத்தில் ஊரும். சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் பெர்ஃபார்மென்ஸ் பக்கத்தைத் திறந்தால், இந்த டிரைவ் டாஸ் இசைவு முறையில் ஓடுகிறது என்று எழுதியிருக்கும். கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று ரேம் வாங்கிப் போட்டவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பார்களோ!

ஸ்டியரிங் கைமாறும் அந்தக் கணம் ஆபத்தானதும்கூட. ஏஎம்டி நிறுவனத்தின் கே6-2 பிராசஸர் 350 மெகாஹெர்ட்ஸைத் தொட்டபோது, அதில் விண்டோஸ் 95 பல நேரம் ஐஓஎஸ் பெயரைச் சொல்லி 'புரொடெக்‌ஷன் எரர்' என்று படுத்துவிட்டது. சில டிரைவர்கள் பிராசஸரின் வேகத்தை அளக்க ஒரு வெற்றுச் சுழற்சியை ஓட்டி, எவ்வளவு நேரம் பிடித்தது என்று பார்க்கும். புதிய பிராசஸர் அந்தச் சுழற்சியை அளக்க முடியாத வேகத்தில் முடித்துவிட, நேரம் சுழி என்று விடை வந்தது. அடுத்த வரியில் அதைக் கொண்டு வகுத்தல். சுழியால் வகுக்கச் சொன்னால் எந்தப் பிராசஸரும் கையை விரித்துவிடும். வேகமாக ஓடியதே குற்றமாகிப்போனது.

அடுத்த தலைமுறை இன்னொரு குடும்பத்திலிருந்து வந்தது. 1993 முதலே தனியாக வளர்ந்துவந்த விண்டோஸ் என்டியில் டிரைவர்களுக்கு ஒரே இடம்தான்: சிஸ்டம்32 ஃபோல்டர், அதற்குள் டிரைவர்ஸ். 98ஐக் கொண்டுவந்தபோது, இரண்டு குடும்பத்திலும் ஒரே டிரைவர் ஓட வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் விரும்பியது. டபிள்யூடிஎம் என்ற அந்தப் புதுவகை டிரைவர்கள் சிஸ் என்ற பின்னொட்டோடு வந்தன. என்டிகெர்ன் என்ற ஒரு விஎக்ஸ்டி, என்டியின் கெர்னல் என்ற மையப் பகுதி போல வேடமிட்டு அவற்றை ஓட்டியது. அந்த டிரைவர்கள் குடியேற, 98லும் சிஸ்டம்32 என்ற ஃபோல்டர் முளைத்தது. 98இன் சொந்த 32 பிட் கோப்புகள் சிஸ்டம் ஃபோல்டரிலேயே இருக்க, 32 என்று பெயரிலேயே வைத்திருந்த ஃபோல்டரில் டிரைவர்ஸைத் தவிர அனேகமாக ஒன்றும் கிடையாது. பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் அதிகம். (இன்றைய 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32க்குள் இருப்பவை 64 பிட் கோப்புகள் என்பது தனிக் கூத்து.)

கோப்பை எங்கே போடுவது என்று முடிவுசெய்யும் குமாஸ்தா ஐஎன்எஃப் என்ற எழுத்துக் கோப்பு. விண்டோஸுக்குள் மறைத்துவைக்கப்பட்ட ஐஎன்எஃப் ஃபோல்டரில் இவை நூற்றுக்கணக்கில் குவிந்திருக்கும். எந்தக் கருவிக்கு எந்தக் கோப்பு, அதை எங்கே வைக்க வேண்டும், ரெஜிஸ்ட்ரியில் என்ன எழுத வேண்டும் என்று எல்லாம் அதில் உண்டு. ஃபோல்டர்களை எண்ணால்தான் குறிப்பார்கள். 10 என்றால் விண்டோஸ் ஃபோல்டர், 11 என்றால் சிஸ்டம், 17 என்றால் ஐஎன்எஃப். வம்பு 12இல். என்டி குடும்பத்தில் 12 என்றால் டிரைவர்ஸ் ஃபோல்டர், 95 குடும்பத்திலோ அதே எண் ஐஓசப்சிஸைக் குறிக்கும். இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஐஎன்எஃப் எழுதுபவர் 12 என்று போட்டால், 98இல் அவருடைய டிரைவர் டிஸ்க்காரர்களின் குடியிருப்பில் போய் இறங்கிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் 12ஐத் தொடுவதில்லை. 10 என்று போட்டு, அதன் பக்கத்தில் சிஸ்டம்32, டிரைவர்ஸ் என்று பாதையைக் கையாலேயே எழுதிவிடுவார்கள்.

ஒரு கருவியை மட்டும் பின்தொடர்ந்து போவோம். அந்தக் காலத்து இன்டெல் மதர்போர்டுகள் பலவற்றில் இருந்த யுஎஸ்பி கட்டுப்பாட்டுச் சிப், 'யார் நீ' என்று கேட்டால் இரண்டு எண்களைச் சொல்லும்: தயாரிப்பாளர் 8086, கருவி 7112. (தன் புகழ்பெற்ற சிப்பின் எண்ணையே இன்டெல் இங்கும் வாங்கிவைத்திருக்கிறது.) விண்டோஸ் 98 அந்த எண்களை ஐஎன்எஃப் கோப்புகளில் தேடும். பொருந்தும் ஐஎன்எஃப் கிடைத்ததும் யுஎச்சிடி.சிஸ் என்ற டிரைவரைச் சிடியில் இருக்கும் கேப் என்ற சுருக்கிய கோப்புப் பொட்டலங்களிலிருந்து பிரித்தெடுத்து டிரைவர்ஸ் ஃபோல்டரில் வைக்கும். சிடி கேட்கும் பெட்டி எட்டிப்பார்க்கும் இடம் இதுதான். சிடி தொல்லை வேண்டாமென்று, விண்டோஸோடு கம்ப்யூட்டர் விற்ற நிறுவனங்கள் பல அந்தப் பொட்டலங்களை ஹார்டு டிஸ்கிலேயே, ஆப்ஷன்ஸுக்குள் கேப்ஸ் என்ற ஃபோல்டரில் போட்டுக் கொடுத்தன. பெட்டியில் அந்த விலாசத்தைக் காட்டினால் வேலை முடிந்தது.

கடைசியாக ரெஜிஸ்ட்ரியில் இரண்டு வரி எழுதப்படும். ஏற்றிவிடுபவர் யார் என்ற வரியில் என்டிகெர்ன் பெயர், அதற்கு முன்னால் ஒரு நட்சத்திரக்குறி. விண்டோஸ் 3 காலத்து அதே நட்சத்திரம்! டிரைவர் எது என்ற வரியில் யுஎச்சிடி.சிஸ் என்ற பெயர் மட்டும் இருக்கும், பாதை இருக்காது. எந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்பது என்டிகெர்னுக்கே தெரியும்.

இப்போது அந்த ஃபிளாப்பி குறுக்கு வழிக்குத் திரும்புவோம். ரெஜிஸ்ட்ரியில் வரிகள் அப்படியே இருந்து கோப்பு மட்டும் அழிந்தோ கெட்டோ போயிருந்தால், கோப்பைச் சரியான ஃபோல்டரில் போட்டதும் கருவி எழுந்துவிடும். விஎம்எம்32 ஃபோல்டரில் போட்டதற்கும் பலன் உண்டு. டிரைவர்ஸில் இருக்க வேண்டியதைச் சிஸ்டத்தில் போட்டாலோ, ரெஜிஸ்ட்ரி வரியே இல்லாத புதுக் கருவிக்குக் கோப்பை மட்டும் கொண்டுவந்தாலோ, எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் வீண். முழுத் தொகுப்பும் கையில் இருந்தால் அதை எந்த ஃபோல்டரில் பிரித்துவைத்தாலும் சரி; ஐஎன்எஃப் எங்கே என்று மட்டும் காட்டினால் குமாஸ்தா மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்.

உங்களிடம் இன்னும் ஒரு 98 ஓடிக்கொண்டிருந்தால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஏதாவது ஒரு கருவியின் டிரைவர் பக்கத்தில் கோப்பு விவரம் கேட்கும் பொத்தானை அழுத்துங்கள். சிலவற்றுக்கு ஒரு பாதை தெரியும். சிலவற்றுக்குப் பொட்டலத்தின் பெயரும், அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் உள்ளே இருப்பவர் பெயரும் வரும். வேறு சிலவற்றுக்கு, 'இந்தக் கருவிக்கு டிரைவர் கோப்புகள் தேவையில்லை அல்லது ஏற்றப்படவில்லை' என்று பதில் வரும். தேவையில்லையா, தேவைப்பட்டும் ஏற்றாமல் விட்டுவிட்டதா என்று கேட்டால் விண்டோஸ் 98 வாயைத் திறக்காது.