எங்கள் மிஸ்ஸிமார் எந்தக் கணக்கில்?

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மாவட்டக் கணக்கில் தாதியர் போதுமான அளவு இருக்கிறார்களாம். அப்படியென்றால் எங்கள் ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க இரண்டு வார்டுக்கும் ஒரே மிஸ்ஸி ஏன்?"

இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

பங்கீட்டை அளக்க ஒரு பழைய வழி உண்டு. 1905இல் அமெரிக்கரான மாக்ஸ் லொரன்ஸ் செல்வப் பங்கீட்டைக் காட்ட ஒரு வளைகோடு வரைந்தார். சில ஆண்டுகளில் இத்தாலியரான கொராடோ கினியின் கையில் அது ஒரே எண்ணாயிற்று. காசுக்குப் பதிலாகத் தாதியரை வைத்தாலும் கணக்கு அதேதான்.

ஐந்து ஊர்கள், ஒவ்வொன்றிலும் 10,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். தாதியர் 2, 4, 6, 8, 30. குறைந்த ஊரிலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். முதல் 20 வீத மக்களுக்குத் தாதியரில் 4 வீதம்தான். 40 வீதத்துக்கு 12, 60க்கு 24, 80க்கு 40. எல்லா ஊருக்கும் சமமாக இருந்தால் இது நேர்கோடாக ஏறும். இங்கே கோடு தொய்ந்து கிடக்கிறது, இரு கம்பத்துக்கு நடுவே ஈரத்துணி காயும் கொடி மாதிரி. அந்தத் தொய்வின் அளவுதான் கினி. சமமென்றால் 0; எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தால் 1ஐ நெருங்கும். நம் ஊர்களுக்கு 0.48.

சரி, இப்போது ஐந்தையும் சேர்த்து ஒரு மாவட்டம் என்போம். 10,000 பேருக்குச் சராசரி 10 தாதியர். பக்கத்து மாவட்டத்தில் ஊருக்கு ஊர் பத்துப் பத்து. இரு மாவட்டங்களையும் ஒப்பிட்டால் கினி 0! ஒரு மிஸ்ஸிகூட இடம் மாறவில்லை. எல்லைக் கோட்டை எங்கே போட்டோம் என்பது மட்டுமே மாறியது. எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது. பெரிய எல்லை, தன் உள்ளே இருக்கும் ஏற்றத்தாழ்வை விழுங்கிவிடுகிறது.

மலையகத்தில் எல்லைகள் பெரியவையாக இருந்தன. 2012 குடிசன மதிப்பீட்டின்போது நாட்டில் 331 பிரதேச செயலாளர் பிரிவுகள், அதாவது மாவட்டத்துக்குக் கீழுள்ள நிர்வாகப் பிரிவுகள். சராசரியாக ஒன்றுக்குச் சுமார் 61,000 பேர். அம்பகமுவ, நுவரெலியா பிரிவுகளிலோ அப்போது தலா 2 லட்சத்துக்கும் மேல். அந்த ஒரே பிரிவுக்குள் டவுன் ஆஸ்பத்திரியும் இருக்கும், தோட்டத்து மேல் பிரிவின் லயமும், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளும், இருக்கும். என் பாட்டியைக் கொழுந்து லொறியில் கம்பளி சுற்றிப் படுக்கவைத்துத்தான் கீழே கொண்டுவந்தோம். அந்தக் கல் ரோட்டுக்கு எந்தச் சராசரியிலும் இடமில்லை.

என்னைக் கேட்டால், இதற்குப் பெரிய ஆராய்ச்சி நிதிகூட வேண்டாம். எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை தாதியர் என்பது சம்பளப் பட்டியலிலேயே இருக்கிறது. அதை ஆஸ்பத்திரி வாரியாக வெளியிட்டால் போதும், மிச்சத்தை ஏ.எல். கணிதப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள்.

ஆகவே மஸ்கெலியா வாசகிக்கு: அடுத்த முறை மாவட்டத்துக்கு எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். உங்கள் ஆஸ்பத்திரியில், இரவு முறையில், எத்தனை கட்டிலுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள்.