கட்டின பாலைக் கீழே ஊற்றச் சொல்லாதீர்கள்

மறுபடியும் ஒரு பெண், மார்பில் சீழோடு. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறாள். பிரசவ லீவு முடிந்து வேலைக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, குளிர் ஜுரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இடது மார்பு செக்கச்செவேலென்று, தொட்டால் கல் மாதிரி. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டித்தான் வீடு. நடுவில் ஒரு தடவைகூடப் பாலை எடுக்காமல், ஜாக்கெட் நனைய நனையத் துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் மாமியார், "பகலெல்லாம் கட்டின பாலும்மா, கெட்டுப் போயிருக்கும், பீய்ச்சிக் கீழே ஊத்திட்டுக் குழந்தையை எடு" என்றிருக்கிறார். அழுகிற குழந்தைக்கு டப்பா பால்.

வேலூரில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மார்புக்குள் இருக்கிற பால் கெடாது. பத்து மணி நேரம் ஆனாலும் கெடாது, புளிக்காது, திரியாது. கத்திரி வெயிலில் குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாலும் "சூட்டுப் பால்" ஆகாது, வெளியே எவ்வளவு கொளுத்தினாலும் உடம்பின் உள்சூடு 37 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கறந்து வைத்த மாட்டுப் பாலை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறோம். அது காற்றும் கிருமியும் பட்ட பால். முதலில் வருவது தண்ணியாகத் தெரிந்தாலும் நல்ல பால்தான். மாமியார் சொன்னாலும் எதிர்வீட்டு அக்கா சொன்னாலும் கொட்டாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கை கழுவி (பசை ஒட்டுகிற வேலை என்றால் சோப்புப் போட்டு, புடவையும் மாற்றி) நேராகக் குழந்தையை மார்பில் போடுங்கள்.

எடுக்காமல் விட்டால்தான் வினை. பால் கட்டும், வீங்கும், சிலருக்குச் சீழ் வைக்கும், பாலும் குறையும். பாலாற்று மணலில் ஊற்று தோண்டியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, இறைத்தால்தான் ஊறும்.

அதனால் வேலையிடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலை எடுங்கள். பம்ப் இல்லையென்றால் பரவாயில்லை, கை போதும். கட்டை விரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, அப்புறம் விரல்களைச் சேர்த்துப் பிதுக்கி விடுங்கள். காம்பை இழுக்காதீர்கள், வலிதான் மிஞ்சும். முதல் நாள் சங்கு அளவு வந்தால் அழ வேண்டாம், பழகப் பழகக் கூடும்.

கொதிக்க வைத்த, மூடி உள்ள எவர்சில்வர் டப்பா போதும். 25 டிகிரி வரை நான்கு மணி நேரம் வெளியே வைக்கலாம் என்பது பொதுக் கணக்கு, நம்ம ஊர் மே மாதத்துக்கு அது பொருந்தாது. வாய் அகன்ற ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டு அதற்குள் டப்பாவை வையுங்கள். ஐஸ் கரையாமல் இருந்தால் சாயங்காலம் வரை தாங்கும். வீட்டு ஃப்ரிட்ஜில், கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால் நான்கு நாள். ஆடை மேலே பிரிந்து நின்றால் கெட்டது என்று அர்த்தமில்லை, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் காய்ச்ச வேண்டாம், வெந்நீரில் டப்பாவை நிறுத்தினால் போதும். பாட்டிமாரே, பாலாடையில் (சங்கில்) கொடுங்கள், பாட்டில் வேண்டாம்.

சூப்பர்வைசர்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு போக, தினம் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று 1961 மகப்பேறு நலச் சட்டத்திலேயே எழுதி வைத்தாயிற்று. 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் தினம் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017 திருத்தத்தில் சேர்த்தாயிற்று. பஸ் ஸ்டாண்டில் 2015-லேயே பாலூட்டும் அறை திறந்த மாநிலத்தில், கம்பெனிக்குள் ஒரு திரையும் ஸ்டூலும் போட முடியாதா? கக்கூஸில் நின்று குழந்தையின் சாப்பாட்டை எடுக்கச் சொல்லாதீர்கள். டார்கெட் இருக்கிறது, தெரியும். அவள் ஜுரத்தில் பத்து நாள் படுத்தால் அந்த டார்கெட் என்ன ஆகும்?

தாய்மார்களே, மார்பில் ஒரு இடம் சிவந்து கெட்டியாகி, பாலை எடுத்தும் மறுநாளைக்குள் இளகவில்லை என்றால், அல்லது ஜுரம் வந்தால், முட்டைக்கோஸ் இலையைக் கட்டிக்கொண்டு காத்திருக்காமல் உடனே வாருங்கள். ஆரம்பத்தில் வந்தால் பெரும்பாலும் மாத்திரையோடு முடியும். இந்தப் பெண்ணுக்கு ஊசி வைத்துச் சீழை எடுக்க வேண்டி வந்தது. அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை.