பின்னந்தலை முடி மட்டும் எப்படித் தப்பிக்கிறது?

முடி கொட்ட ஆரம்பித்ததும் ஆண்கள் முதலில் சந்தேகப்படுவது போர் தண்ணீரைத்தான். அடுத்து ஹெல்மெட், அப்புறம் ஷாம்பு. சரி, தண்ணீர்தான் காரணம் என்றால், அதே தண்ணீரில் குளிக்கிற பின்னந்தலையில் மட்டும் அறுபது வயதிலும் முடி எப்படி அடர்த்தியாக நிற்கிறது? நெற்றியின் இரண்டு ஓரமும் ஏறி, உச்சி காலியாகி, காதுக்கு மேலேயும் பிடரியிலும் முடி மிஞ்சுவது எந்த ஊர் ஆணுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். காரணத்தை இந்த ஒழுங்கில்தான் தேட வேண்டும்.

அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் ஒரு முக்கியமான துப்புக் கொடுத்தார். பருவம் அடையும் முன்பே விரைகளை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு முடி கொட்டியது, மற்றவர்களுக்குக் கொட்டவில்லை. ஆக, ஹார்மோனும் வேண்டும், பரம்பரையும் வேண்டும்.

அடுத்த துப்பு டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்திலிருந்து வந்தது. பிறக்கும்போது பெண்ணென்று கருதி வளர்க்கப்பட்ட சில பிள்ளைகள் பருவ வயதில் ஆண் உடல் பெற்றார்கள். ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி குழு 1974இல் அதை விளக்கியது. டெஸ்டோஸ்டிரோனை டிஎச்டி (டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன்) என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்களிடம் குறைவாக இருந்தது. வளர்ந்த பிறகு அவர்களுக்கு முன்நெற்றி ஏறவில்லை. அதே நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை, முதலில் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997இல் அமெரிக்காவில் வழுக்கைக்கும் அனுமதி பெற்றது.

டிஎச்டி முடியைப் பிடுங்கிப் போடுவதில்லை. தலைமுடி ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, சுமார் 3 மாதம் ஓய்ந்து, உதிர்ந்து, அதே மயிர்க்காலிலிருந்து மறுபடி முளைக்கும். மயிர்க்காலின் அடியிலுள்ள செல்களில் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பியில் டிஎச்டி ஒட்டிக்கொண்டால், ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலம் குறைகிறது. அடுத்த முடி கொஞ்சம் மெலிசாக, கொஞ்சம் குட்டையாக வருகிறது. கடைசியில் மிஞ்சுவது கண்ணுக்கே தெரியாத பூனை முடி. தோல் மருத்துவர் உச்சந்தலையை லென்ஸில் பார்க்கும்போது தேடுவதும் இதைத்தான்: தடிமனான முடிக்குப் பக்கத்திலேயே ஊசி போல மெலிந்த முடிகள். சீப்பில் வருகிற முடியை எண்ணிக் கவலைப்படுவதில் பெரிய பயனில்லை. நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு.

வேடிக்கை என்னவென்றால், தாடியை அடர்த்தியாக்குவதும் ஆண் ஹார்மோன்கள்தான். ஒரே உத்தரவுக்குத் தாடியின் மயிர்க்கால் வளர்ச்சிச் சமிக்ஞையும், உச்சந்தலையின் மயிர்க்கால் தடைச் சமிக்ஞையும் அனுப்புகின்றன. பிடரி மயிர்க்கால்கள் இதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அவற்றை எடுத்து முன்னந்தலையில் நட்டாலும் பழைய குணத்தோடே வளரும் என்று நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைச் 1959இல் எழுதினார். முடி நடும் சிகிச்சையே இதன்மேல்தான் நிற்கிறது. அதனால் வழுக்கைத் தலையருக்கு ஆண் ஹார்மோன் அதிகம் என்ற பேச்சும் எடுபடாது. பெரும்பாலும் அளவு எல்லாரையும் போலத்தான், உணர்திறன்தான் வேறு.

தாய்மாமன் தலையைப் பார்த்தால் போதும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. டிஎச்டி ஒட்டிக்கொள்ளும் அந்த ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில், அதாவது தாய்வழியில் வருகிறது. ஆனால் மற்ற குரோமோசோம்களிலும் ஏராளமான மரபணுக்களுக்குப் பங்குண்டு. அப்பாவின் தலையையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

டெங்கு, டைபாய்டு மாதிரி காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வேறு கதை. அது தலை முழுக்கக் கொட்டும், பெரும்பாலும் தானே திரும்ப முளைக்கும். பரம்பரை வழுக்கைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஃபினாஸ்டரைடு பலன் கொடுத்தாலும், நிறுத்தினால் ஓராண்டுக்குள் அந்தப் பலன் போய்விடும். சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறைவது போன்ற பக்கவிளைவுகளும் வருவதால், மருந்துக்கடையில் நேராக வாங்காமல் மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.